உதயகுமார் பொருந்திய விதம்

காஞ்சிபுரத்திலிருந்து கூரம் போகிற வழியில், நேற்றுவரை வேர்க்கடலை விளைந்த மேட்டில், இப்போது தணிகாசலம் பல்கலைக்கழகம் விளைந்திருக்கிறது. நிறுவனர் தணிகாசலம் முன்பு அரிசி ஆலை வைத்திருந்தார். அப்போது ஊரில் அவருக்கு மில்லுக்காரர் என்று பெயர். பல்கலைக்கழகம் வைத்த மறுநாளே வேந்தர் ஆகிவிட்டார். நாட்டில் முடியாட்சி ஒழிந்துவிட்டது என்று நம்புகிறவர்கள் ஒருமுறை அந்த வாசலுக்கு வந்து பார்க்கலாம். பல்லவர் பாணியில் சிமெண்டுச் சிங்கங்கள் தூண்களைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. எல்லாச் சிங்கங்களுக்கும் மூக்கு மட்டும் வேந்தருடையது.

வாசல் ஒன்றுதான். மாணவர்கள் வருகிற வழிதான் பல. கலந்தாய்வில் மதிப்பெண் காட்டி வந்தவர்கள் உண்டு. அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் வந்தவர்கள் உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில், அதாவது அப்பா முதலில் வந்து நிர்வாகத்தைப் பார்த்துவிட்டுப் போன பிறகு வந்தவர்கள் உண்டு. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒருவன் வந்திருந்தான். எந்த விளையாட்டு என்று யாரும் கேட்கவில்லை, அவனும் விளையாடிக் காட்டவில்லை.

இவர்கள் எல்லோரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் தூங்கி, ஒரே கேன்டீன் சாம்பாரைத் திட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள். அந்த நிம்மதிதான் நிர்வாகத்தைக் கவலைக்குள்ளாக்கியது.

தில்லியிலிருந்து தரக்குழு ஒன்று வரவிருந்தது. குழு முன்கூட்டியே அனுப்பிய கேள்விகளில் ஒன்று: வெவ்வேறு வழிகளில் சேர்ந்த மாணவர்கள் வளாக வாழ்வுக்குப் பொருந்திப்போக உங்கள் நிறுவனம் செய்தது என்ன? ஒன்றும் செய்யவில்லை, அவர்களாகவே பொருந்திக்கொண்டார்கள் என்பது உண்மை. ஆனால் உண்மைக்கு அந்தக் கேள்வியில் மதிப்பெண் ஒதுக்கப்படவில்லை. எனவே அவசரமாகத் தகவமைப்பு மையம் தொடங்கப்பட்டது. இயக்குநராக வேந்தரின் மருமகள் முனைவர் ரேவதி நியமிக்கப்பட்டார். கூண்டுக்குள் விடப்படும் புதிய கோழிகள் பழைய கோழிகளோடு பழகும் விதம் பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவர். ஆகவே தகுதி பற்றிய பேச்சு எழவில்லை.

மையத்தின் முதல் வேலை, அடையாள அட்டை தொங்கும் நாடாவை மாற்றியது. கலந்தாய்வு வழியாக வந்தவர்களுக்குப் பச்சை. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு அரக்கு. விளையாட்டுக்கு நீலம். அரசுப் பள்ளி ஒதுக்கீட்டுக்கு, எட்டத்தில் வந்தாலே தெரிகிற மஞ்சள். நாடா வழங்கும் விழாவில் ரேவதி உருக்கமாகப் பேசினார்.

“இந்த வளாகத்துல யாரும் யார்கிட்டயும் வேற்றுமை பாராட்டக் கூடாது. யார்கிட்ட பாராட்டக் கூடாதுன்னு முதல்ல தெரிஞ்சாத்தானே, பாராட்டாம இருக்க முடியும்? அதுக்குத்தான் இந்தக் கலர்.”

பேராசிரியர்கள் கை தட்டினார்கள். அவர்களுக்கு நாடா கிடையாது. அவர்கள் எந்த வழியில் வந்தார்கள் என்பது மையத்தின் ஆய்வு எல்லைக்கு வெளியே இருந்தது.

மஞ்சள் நாடா வாங்கியவர்களில் உதயகுமார் ஒருவன். பெரிய காஞ்சிபுரத்தில் தறி வைத்திருக்கும் பரமசிவத்தின் மகன். கணினிப் பிரிவு. பரமசிவம் தன் மகனைத் தறிக்குழியில் கால் வைக்க விட்டதே இல்லை. சின்ன வயதில் ஒருநாள் விளையாட்டாக இறங்கப் போனவனை முதுகில் ஒன்று வைத்து வெளியே இழுத்தவர் அவர். அதனால் உதயகுமாருக்கு மிதிகட்டையில் எதை எப்போது மிதிப்பது என்பதுகூடத் தெரியாது. கணக்கு தெரியும். கணினி தெரியும். அது போதும் என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவனுடைய நண்பன் லோகேஷ். சென்னையில் முகப்பேர்ப் பையன், அரக்கு நாடா. கடைசி பெஞ்சில் தற்செயலாகப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், பிறகு எழுந்திருக்கவில்லை. உதயகுமார் வீட்டு எலுமிச்சைச் சாதத்தை லோகேஷ் தின்பான், லோகேஷின் பைக்கில் உதயகுமார் பின்னால் உட்காருவான். கணக்கு லோகேஷுக்கு வராது, பைக் ஓட்ட உதயகுமாருக்கு வராது. இருவருக்கும் இது ஒரு குறையாகவே தோன்றவில்லை.

மையத்துக்குத் தோன்றியது. மஞ்சள் நாடாக்காரர்களுக்குப் பயிற்சிகள் ஆரம்பமாயின. வந்த நாளிலிருந்து லிஃப்டில் போய்க்கொண்டிருந்த உதயகுமாரை ஒரு ஆலோசகர் கையைப் பிடித்து லிஃப்டுக்குள் அழைத்துப்போய், கதவு மூடும்போது பயப்படக் கூடாது, அது மறுபடி திறக்கும் என்று சொல்லிக்கொடுத்தார். கரண்டியால் சாப்பிடும் பயிற்சியில், கரண்டி எதற்கு என்று ஒரு மணி நேரம் விளக்கப்பட்டது. வளாகத்தில் உனக்கு என்ன சிரமம் என்று கேட்டார்கள். சாம்பார் என்றான். உணவுப் பண்பாட்டு அதிர்ச்சி என்று எழுதிக்கொண்டார்கள். லோகேஷும்தான் சாம்பாரைத் திட்டுகிறான் என்றான். லோகேஷ் திட்டினால் அது விமர்சனம் என்றார் ஆலோசகர்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகத்தான் இருந்திருக்கும், புதிய விதி மட்டும் வராமல் இருந்திருந்தால். தகவமைப்புச் சான்றிதழ் வாங்காத மஞ்சள் நாடாக்காரருக்குப் பரீட்சை நுழைவுச் சீட்டு கிடையாது. முதல் பருவத்தில் ஒரு தாள் தவறினாலும், எடுத்த பிரிவிலிருந்து மாற்றி, ‘மாணவரின் சூழலுக்கு இணக்கமான துறைக்கு’ அனுப்பப்படுவார். உதயகுமார் கணினிப் பிரிவுக்காகவே அங்கே வந்தவன். அது கையை விட்டுப் போனால் அந்தச் சிமெண்டுச் சிங்கங்களைக் கடந்து உள்ளே வருவதற்கு அவனுக்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

பரீட்சையைப் பற்றி அவன் பயப்படவில்லை. சான்றிதழ்தான் உதைத்தது. அவன் முதல் நாளே பொருந்திவிட்டதால் மையத்தின் அளவுகோலில் அவனுக்கு முன்னேற்றம் எதுவும் பதிவாகவில்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் முதலில் அவன் பொருந்தாமல் இருந்திருக்க வேண்டும் என்றார் ரேவதி. அதற்கு அவரே ஒரு வழியும் சொன்னார். தரக்குழு வரும் நாளில் உதயகுமார் மேடையேறித் தன் கதையைச் சொல்ல வேண்டும். கதை மையத்திலேயே தயாராக இருந்தது. லிஃப்டைப் பார்த்துக் கத்தியது, கரண்டியைப் பார்த்து மிரண்டது, யாரும் பேசாததால் மரத்தடியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டது, பிறகு மையம் வந்து கண்ணீரைத் துடைத்தது. அன்றே மேடையில் சான்றிதழ்.

ஒத்திகைகள் நடந்தன. உதயகுமாருக்கு அழுகை வரவில்லை. மரத்தடி என்கிற இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும், அவனுக்கோ அங்கேதான் சிரிப்பு வந்தது. அந்த மரத்தடியில் அவன் தனியாக உட்கார்ந்ததே இல்லை, அங்கேதான் லோகேஷ் அவன் டிபன் பாக்ஸைக் காலி செய்வது வழக்கம். ஒத்திகைக்குத் துணையாக வந்த லோகேஷ் பொறுக்க முடியாமல் எழுந்து, எப்படி அழ வேண்டும் என்று செய்து காட்டினான். நன்றாகவே அழுதான். “நீ அரக்குப்பா, உனக்கு அது செட் ஆகாது” என்று ரேவதி வருத்தத்தோடு அவனை உட்காரச் சொன்னார்.

குழு வரும் தேதியை வேந்தர் குறித்தார். நிறைந்த அமாவாசை. போர்வெல் போட்டது, உள்ளாட்சித் தேர்தலில் மனு செய்தது, பல்கலைக்கழகத்துக்குக் கல் நட்டது எல்லாம் அவர் அமாவாசையில் செய்தவை. தில்லிக்காரர்களிடம் வேறு ஏதோ காரணம் சொல்லி அந்த நாளுக்கே வரவழைத்தார்.

தறிக்காரர் வீட்டில் அமாவாசை வேறு மாதிரி. அன்றைக்குத் தறியில் கை வைக்க மாட்டார்கள். வீட்டைக் கழுவி, தறிக்குச் சூடம் காட்டி, குடும்பத்தோடு கோயிலுக்குப் போவார்கள். ஓடுகிற வேலையை அன்று தொட்டால் விளங்காது என்பது அந்தத் தெருவில் யாரும் கேள்வி கேட்காத சங்கதி. வேந்தருக்கு வேலை தொடங்கும் நாள், பரமசிவத்துக்கு வேலை நிற்கும் நாள். நிலா என்னவோ ஒன்றுதான்.

காலையில் குளித்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு நின்ற மகனைப் பரமசிவம் பார்த்தார்.

“தறியே நிக்குது. நீ மட்டும் எங்கடா கெளம்பிக்கினு?”

போகவில்லை என்றால் சான்றிதழ் தர மாட்டார்கள், பரீட்சை எழுத முடியாது என்றான் உதயகுமார். அவன் அம்மா மஹாலட்சுமி அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

“ஏம்பா, உங்க காலேஜுல அமாவாசையே கெடையாதா?”

“அமாவாசைன்றதுனாலதாம்மா இன்னிக்கி வெச்சிக்கினு இருக்காங்க.”

அவளுக்கு இது புரியவில்லை. பரமசிவத்துக்கு மனசு ஒப்பவில்லை. கடைசியில் சூடமாவது தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போ என்றார். சூடம் ஏற்ற நேரமாயிற்று. அமாவாசைக் கூட்டத்தில் கோயில் பக்கம் தெருவெல்லாம் ஆட்டோ. கூரம் பஸ் கிடைத்து அவன் இறங்கியபோது பல்கலைக்கழக வாசலில் கொட்டு மேளம் ஓய்ந்திருந்தது. காவலாளி உள்ளே விடவில்லை.

“உள்ள புரோகிராம் நடந்துக்கினு இருக்குது. நீ யாருபா?”

“உதயகுமார். நாந்தான் பேசணும்.”

காவலாளி வாசலில் வைத்திருந்த பெரிய திரையைக் காட்டினான். “தோ, உதயகுமார் பேசிக்கினு இருக்கான் பாரு. அழுவுறான் பாவம். நீ ஓரமா நில்லு.”

திரையில் மஞ்சள் நாடாவோடு லோகேஷ் நின்றான். கீழே ‘உதயகுமார், நெசவாளர் மகன்’ என்று எழுத்து ஓடியது. எங்க வீட்ல கரண்டியே கிடையாது சார் என்று அவன் சொன்னபோது முன்வரிசையில் தில்லிக்காரர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார். லிஃப்டுக் கதவு மூடியபோது அம்மா என்று கத்தியதைச் சொன்னபோது வேந்தர் கைக்குட்டையை எடுத்தார். மரத்தடிக்கு வந்தபோது லோகேஷின் குரல் உடைந்தது. வாசலில் நின்ற உதயகுமாருக்கே அந்த உதயகுமார்மேல் இரக்கம் வந்துவிட்டது.

விழா முடிந்ததும் லோகேஷ் வாசலுக்கு ஓடி வந்தான். யாரையும் ஏமாற்றும் எண்ணம் அவனுக்கு இல்லை. மையத்தில் அலறிக்கொண்டிருந்தார்கள், கதை மனப்பாடமாகத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான், நண்பன் சான்றிதழ் போய்விடுமே என்று ஏறிவிட்டான். “உன் பேர காப்பாத்தலாம்னு ஏறினேன்டா மச்சான். கொஞ்சம் ஓவரா காப்பாத்திட்டேன் போல” என்றான்.

ஓவர்தான். குழு மேடையிலேயே அவனைப் படம் பிடித்து, உதயகுமார் என்ற பெயரோடு தங்கள் கணினியில் ஏற்றிவிட்டது. சான்றிதழிலும் அதே படம், ஆகவே நுழைவுச் சீட்டும் அந்தப் படத்தோடுதான் வரும். மறுநாள் இருவரும் ரேவதி முன்னால் நின்றார்கள். படத்தை மாற்றக் கேட்டால் மாற்றிய காரணத்தைத் தில்லிக்குச் சொல்ல வேண்டும் என்றார் அவர். சொன்னால் தரம் போய்விடும். தரம் போனால் மாணவர்களுக்குத்தான் நஷ்டம், மாணவர்களில் உதயகுமாரும் அடக்கம், ஆகவே உதயகுமாரின் நன்மைக்காகவே படத்தை மாற்ற முடியாது. ஆனால் லோகேஷின் சீட்டில் இன்னும் படம் ஏறவில்லை. அங்கே உதயகுமாரின் படத்தைப் போட்டுக்கொள்ளலாம்.

“அப்ப என் பேர்ல அவன் எழுதுவானா மேடம்?”

“பேரு, படம் இதெல்லாம் வெளித்தோற்றம்ப்பா. உள்ள நீ நீதானே.”

“அவனுக்கு மேத்ஸ் வராது மேடம். என் பேர்ல எழுதினா நான் ஃபெயிலாயிடுவேன்.”

ரேவதி இரக்கத்தோடு அவனைப் பார்த்தார். “இதைத்தான் நாங்க மனத்தடைன்னு சொல்றோம்.”

அதன்பிறகு அந்த வளாகத்தில் ஒரு வினோதம் நடந்தது. தான் தேற வேண்டும் என்பதற்காக இன்னொருவனைப் பிடித்து வைத்துப் படிக்க வைத்த மாணவனை அதற்கு முன் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மரத்தடி, கேன்டீன், பைக் நிறுத்துமிடம் எங்கே பார்த்தாலும் உதயகுமார் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தான், லோகேஷ் தலையில் கையை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். லோகேஷ் தன் பெயருக்கு ஒருநாளும் இப்படி உழைத்ததில்லை. “எனக்குன்னா அரியர் வெச்சிட்டு ஜாலியா இருப்பேன்டா. உன் பேர்ல எப்படி வெக்கிறது?” என்பான். சில நாள் அவனுக்கு வகையிடல் புரிந்தது. சில நாள் முந்தின நாள் புரிந்ததும் போய்விட்டது. மையம் இந்தக் காட்சியைத் தூரத்திலிருந்து படம் பிடித்து, வழிகளைக் கடந்த நட்புக் கற்றல் என்று தன் இணையப் பக்கத்தில் போட்டுக்கொண்டது.

கணிதப் பரீட்சையன்று உதயகுமார் சீக்கிரமே எழுதி முடித்துவிட்டான். லோகேஷின் விடைத்தாளை மூடிவைத்துவிட்டு முன்னால் பார்த்தான். சற்றுத் தள்ளி லோகேஷ் குனிந்து, பேனாவைக் கடித்து, காதைச் சொறிந்து, உதயகுமாரின் விடைத்தாளில் எதையோ அடித்துக்கொண்டிருந்தான். மணி அடிக்கும்வரை உதயகுமார் தன் எதிர்காலத்தின் பிடரியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

முடிவுகள் வந்தன. லோகேஷ் வகுப்பில் முதலிடம். உதயகுமார் எல்லாத் தாளிலும் தேறிவிட்டான், கணிதம் தவிர.

மையத்தின் அறிக்கை அந்த வாரமே வந்தது. அரக்கு நாடா மாணவர்கள் வாய்ப்புக் கிடைத்தால் எதிர்பாராத உயரம் தொடுகிறார்கள். மஞ்சள் நாடா மாணவர்கள் மேடையில் உணர்ச்சியோடு பேசினாலும், கணிதம் போன்ற நுண்பாடங்களில் அவர்களுடைய பின்னணி குறுக்கே நிற்கிறது. இவர்களுக்கு லிஃப்டுப் பயிற்சி இன்னும் ஒரு பருவம் நீட்டிக்கப்பட வேண்டும்.

லோகேஷ் வீட்டில் ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். அவன் அதைப் பார்த்துச் சாப்பிடாமல் எழுந்து வந்து, உதயகுமாரை இழுத்துக்கொண்டு நேராக வேந்தரின் அறைக்குப் போனான். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். அந்த மார்க் என்னுடையது இல்லை, இவனுடையது என்றான். என்ன அடக்கம் என்று வேந்தர் வியந்தார். அடக்கம் இல்லை, உண்மை என்றான் லோகேஷ். வேந்தர் கொஞ்ச நேரம் உதயகுமாரைப் பார்த்துவிட்டு, வேந்தராக இல்லாமல் மில்லுக்காரராகப் பேசினார்.

“தம்பி, மில்லுல மூட்டை வரும். மேல என்னா எழுதியிருக்குதோ அதாம்பா அரிசி. பிரிச்சிக் கொட்டிப் பாக்கலாம், பாக்க முடியாதுன்னு இல்ல. ஆனா ஒண்ணு பிரிச்சா எல்லாத்தையும் பிரிக்கச் சொல்லுவான். அப்பால நான் யாவாரம் பண்றதா, மூட்ட தெச்சிக்கினு கெடக்கறதா?”

இருவரையும் நன்றாகப் படிக்கச் சொல்லி ஆளுக்கு ஒரு பேனா கொடுத்து அனுப்பினார்.

விதிப்படி உதயகுமார் கணினிப் பிரிவிலிருந்து மாற்றப்பட்டான். அவனுடைய சூழலுக்கு இணக்கமான துறை எது என்று தேடுவதில் மையத்துக்குச் சிரமம் இருக்கவில்லை. ஜவுளித் தொழில்நுட்பம். அங்கே ஆளே சேராமல் இடம் காலியாகக் கிடந்தது என்பதும் உண்மைதான், ஆனால் ரேவதி அதைச் சொல்லவில்லை. மரபணுவோடு போகிற படிப்பு என்றார்.

வீட்டில் அவன் எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னான். பரமசிவம் பொறுமையாகக் கேட்டார். இரண்டு முறை கேட்டார்.

“உம்பேர்ல அவன் எழுதினான். அவம்பேர்ல நீ எழுதின.”

“ஆமாம்பா.”

“பாஸானது யாரு?”

“நாந்தான்பா.”

“ஃபெயிலானது?”

“அதுவும் நாந்தான்.”

பரமசிவம் “அமாவாசையில போன வேல” என்றார். அவர் அறிந்த வரையில் அதைவிடப் பொருத்தமான காரணம் வேறு இல்லை. பல்கலைக்கழகம் சொன்ன காரணத்தோடு வைத்துப் பார்த்தால் உதயகுமாருக்கும் அதுவே மேல் என்று பட்டது. மஹாலட்சுமி மட்டும், ஜவுளின்னா என்ன சொல்லித் தருவாங்க என்று கேட்டாள். உள் அறையில் அவர்கள் தறி அரைச் சேலையோடு நின்றுகொண்டிருந்தது.

ஜவுளித் துறையில் வேந்தர் மரபுத் திறன் கூடம் ஒன்று அமைத்திருந்தார். குளிரூட்டிய அறை, பளிங்குத் தரை, தரையை வெட்டித் தறிக்குழி, குழிக்கும் பளிங்கு. முதல் செய்முறை வகுப்பைப் பெரிய மனிதர்கள் முன்னிலையில் தொடங்கி வைக்க வேந்தர் நாள் குறித்தார். எந்த நாள் என்று சொல்ல வேண்டியதில்லை.

பெரிய காஞ்சிபுரத்தில் எல்லா வீட்டுத் தறியும் ஓய்ந்திருந்த அந்தக் காலையில் உதயகுமாரைத் தறியில் உட்காரச் சொன்னார்கள். அவன் தயங்கினான். பிறகு இறங்கினான். பளிங்கு சில்லென்றது. எந்தக் கட்டையில் எந்தக் காலை வைப்பது, ஊடுநூலை ஓட்டும் நாடாவை எந்தக் கையால் பிடிப்பது என்று எதுவும் தெரியாமல் இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கூட்டத்தின் ஓரத்தில் லோகேஷ் நின்றிருந்தான். உதயகுமார் நிமிர்ந்து பார்த்தபோது அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இந்த முறை அவன் அழுகை ஒத்திகை இல்லாமல் வந்திருந்தது.

ரேவதி விருந்தினர்களை அருகில் அழைத்தார். பரீட்சையில் தவறிய ஒரு மாணவனுக்குச் சரியான இடத்தை மையம் எப்படிக் கண்டுபிடித்தது என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“பாருங்க, யாரும் சொல்லித் தரல. எவ்வளவு இயல்பா உக்காந்திருக்கான்.”

கை தட்டினார்கள். உதயகுமார் மெல்ல வலது காலைக் குழியிலிருந்து வெளியே எடுக்கப் பார்த்தான்.

“அப்படியே இருப்பா” என்றார் ரேவதி. “போட்டோ எடுக்கறாங்க.”